மணியோசையும் மணிக்கணக்கும்

தமிழில் ‘மணி’ என்னும் சொல் ஆலய மணியையும் குறிக்கும். கடிகாரம் காட்டும் நேரத்தையும் குறிக்கும். ‘மணி அடித்தது’ என்றால் ஓசை. ‘மணி ஆறு’ என்றால் கணக்கு. ஆங்கிலத்தில் கடிகாரத்திற்கு வழங்கும் ‘கிளாக்’ என்ற சொல்லும் ‘கிளாக்கா’ என்ற இடைக்கால இலத்தீன் சொல்லோடு உறவுடையது. அதன் பொருளும் மணி என்பதே. இவ்விரு மொழிகளிலும் நேரமானது கண்ணுக்குப் புலப்படும் முள்ளாக அல்லாமல், காதில் விழும் ஓசையாகவே பெயர் பெற்றிருக்கிறது. அவ்வோசையை எழுப்பியவர் யார், எவர் கேட்கும்படி எழுப்பினார், கேட்டவர் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது ஏன் என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் ஐரோப்பாவின் இடைக்காலத்திற்குச் சென்றே ஆகவேண்டும்.

நம் இறையியல் கல்லூரிகளில் திருச்சபை வரலாறு பயில்வோர் பெரும்பாலும் அகுஸ்தீனிலிருந்து லூத்தருக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றனர். இடையில் கிடக்கும் ஆயிரம் ஆண்டுகள் போப்புமார்களின் ஆட்சி, சிலுவைப் போர்கள், பாவமன்னிப்புச் சீட்டு என்னும் மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. தேர்வுக்கு அது போதுமானதாயிருக்கலாம். ஆனால் நாம் காலையில் எழுவது, வேலைக்குச் செல்வது, கூலி வாங்குவது, கடனுக்கு வட்டி கட்டுவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்குள் முடிப்பது ஆகிய அனைத்திலும் அவ்வாயிரம் ஆண்டுகள் உயிரோடிருக்கின்றன. இதனை நுட்பமாக எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் (1924–2014). அவர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘திருச்சபையின் காலமும் வணிகரின் காலமும்’ என்ற கட்டுரையும், 1963ஆம் ஆண்டில் பதினான்காம் நூற்றாண்டின் நெருக்கடியில் வேலை நேரம் அடைந்த மாற்றம் பற்றி எழுதிய கட்டுரையும் பின்னர் ஒரே தொகுப்பில் இடம்பெற்று, 1980ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. இவ்விரு கட்டுரைகளையும், இவற்றைச் சூழ்ந்தெழுந்த விவாதத்தையும் இறையியல் நோக்கில் மதிப்பிடுவதே இங்கு நமது நோக்கம்.

விவாதத்திற்குள் புகுமுன் பழைய ‘மணி வேளை’ எத்தகையது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் உவமையில் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி என்று வருவன கடிகார மணிகள் அல்ல. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகற்பொழுதைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மணி. பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உண்டு என்று யோவான் 11:9இல் ஆண்டவர் கூறுவதும் இக்கணக்கின்படியே. எனவே கோடையில் ஒரு மணி நீளும்; குளிர்காலத்தில் சுருங்கும். எருசலேமில் அது ஏறத்தாழ 50 நிமிடத்திற்கும் 71 நிமிடத்திற்கும் இடையே ஏறி இறங்கும். நமது சென்னையில் வேறுபாடு மிகச் சிறிது. 57 நிமிடம் முதல் 64 நிமிடம் வரையே. ஆனால் இலண்டனில் குளிர்காலத்து மணி 39 நிமிடமளவாகவும் கோடைகாலத்து மணி 83 நிமிடமளவாகவும் இருக்கும். மத்தியதரைக் கடலோரத்தில் பிறந்த ஒரு கணக்கை வடக்கே கொண்டுசென்ற துறவியர் பட்ட பாட்டினை இவ்வெண்களே உணர்த்தும். (பெரிய வெள்ளியன்று நாம் நடத்தும் மும்மணி நேர ஆராதனை பன்னிரண்டு முதல் மூன்று வரை என்று கடிகாரத்தோடு பொருந்திவிடுவதற்குக் காரணம், பஸ்கா பண்டிகை பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாயிருக்கும் பருவத்தில் வருவதேயாகும்.)

ஆறாம் நூற்றாண்டில் நூர்சியாவின் பெனடிக்ட் வகுத்த மட ஒழுங்கு, 119ஆம் சங்கீதத்தில் தேவனைப் பகலில் ஏழுதரம் துதிப்பதாகவும் பாதி இரவில் எழுந்து துதிப்பதாகவும் வரும் வசனங்களை ஆதாரமாகக் கொண்டு, பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் பொது ஜெபத்திற்கென ஒதுக்கியது. அடையாள ஒலி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு ஜெபத்திற்கு விரையவேண்டும். தேவனுடைய பணிக்கு முன்னாக எதுவும் வைக்கப்படலாகாது என்பது அதன் கட்டளை. பகல் வேளைகளைச் சூரியனே காட்டிவிடும். இருளில் எழவேண்டிய இரவு வேளைதான் சிக்கலானது. விண்மீன்களைப் பார்க்கலாம், மேகமில்லாவிட்டால். மெழுகுவர்த்தியை எரியவிடலாம். நீர்க்கடிகாரம் வைக்கலாம். இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் 1198ஆம் ஆண்டு புனிதரின் கல்லறையருகே தீப்பிடித்தபோது, தண்ணீர் கொண்டுவரச் சிலர் கிணற்றுக்கும் சிலர் கடிகாரத்துக்கும் ஓடினார்கள் என்று அம்மடத்தின் வரலாற்றை எழுதிய ஜாஸலின் என்னும் துறவி குறித்திருக்கிறார். தீயணைக்கும் அளவுக்கு நீர் கொண்ட கடிகாரம்! நம் முன்னோரின் நாழிகை வட்டிலும் நீரால் இயங்கியதே. ஆயினும் அதற்கு நீர் உறைந்துபோகும் தொல்லை இருந்ததில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், எடையால் இழுக்கப்படும் சக்கரத்தைத் தட்டித் தடுத்துத் தாளகதியில் விடுவிக்கும் பொறி தோன்றியது. 1271ஆம் ஆண்டில் எழுதிய ராபர்ட்டுஸ் ஆங்லிகுஸ், கடிகாரம் செய்வோர் நாளுக்கு ஒருமுறை சுழலும் சக்கரத்தைச் செய்ய முயன்றும் இன்னும் நிறைவு காணவில்லை என்கிறார். 1283ஆம் ஆண்டில் டன்ஸ்டபிள் மடத்தில் அமைக்கப்பட்டது இத்தகைய இயந்திரக் கடிகாரமே என்று கருதப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவராக (1327–1336) இருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, கொல்லர் ஒருவரின் மகன், தொழுநோயால் வாடியவர், கணிதத்தில் பேரறிஞர். ஆலயம் இடிந்து கிடக்கையில் கடிகாரத்திற்குப் பணத்தைச் செலவிடலாமா என்று மூன்றாம் எட்வர்டு மன்னர் அவரைக் கடிந்தபோது, ஆலயத்தைக் கட்டி முடிக்க எனக்குப்பின் வரும் மடத் தலைவர்களால் இயலும், இக்கடிகாரத்தை முடிக்க எவராலும் இயலாது என்று அவர் விடையளித்தாராம். மடத்தின் வரலாற்றேடு இதனை வியந்து பதிவு செய்கிறது. மன்னர் கேட்டதே சரியான கேள்வி என்று நம்மிடையே ஆலயக் கட்டிட நிதி திரட்டும் போதகர்கள் கருதக்கூடும்.

இவ்வரலாற்றிலிருந்து அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு 1934ஆம் ஆண்டில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். நவீன இயந்திர யுகத்தின் திறவுகோல் நீராவி எஞ்சின் அன்று, கடிகாரமே. அதன் பிறப்பிடம் துறவுமடமே. மனித முயற்சிக்கு இயந்திரத்தின் சீரான தாளத்தைக் கற்பித்தவர்கள் ஜெபம் செய்த துறவியரே என்பது அவர் வாதம். இக்கருத்து மறைபோதகர்களுக்கும் பிடிக்கிறது, மறையை எதிர்ப்போருக்கும் பிடிக்கிறது. முன்னவர், ‘பார்த்தீர்களா, அறிவியல் யுகம் திருச்சபையின் பிள்ளை’ என்று பெருமை கொள்ளலாம். பின்னவர், ‘பார்த்தீர்களா, தொழிற்சாலைச் சங்கின் தாய் மடாலய மணி’ என்று குற்றஞ்சாட்டலாம். எவருக்கும் ஏற்றதான கருத்தைச் சற்று ஐயத்தோடு நோக்குவதே நலம்.

ஜெபவேளை ஒழுங்கே கடிகாரத்தைப் பெற்றது என்றால், நாளுக்கு ஐந்து வேளை கூட்டுத் தொழுகை நடத்திய இஸ்லாமிய உலகம் அதனை முன்னதாகவே பெற்றிருக்கவேண்டும். அங்கே அல்-ஜஸரி 1206ஆம் ஆண்டில் வியத்தகு நீர்க்கடிகாரங்களை விவரித்தார். பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணிப்பதற்கென்றே வானியல் வல்லுநர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆயினும் தொழுகை வேளை சூரியனின் நிலையோடு பிணைந்தே நின்றது. சமமணிக் கணக்கு தொழுகையை ஆட்கொள்ளவில்லை. சீனத்தில் சூ சுங் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கைஃபெங் நகரில் நீரால் இயங்கும் மாபெரும் வானியல் கடிகாரத்தை எழுப்பினார். அது அரசவைக்குரியதாயிருந்ததேயன்றி ஊரின் வேலை நேரத்தை ஆளவில்லை. இவ்விரண்டினும் வலுவான சான்று ஜப்பானுடையது. பிரான்சிஸ் சேவியர் 1551ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபு ஒருவருக்குக் கடிகாரத்தைப் பரிசளித்தார். ஜப்பானியக் கைவினைஞர் அவ்வியந்திரத்தைக் கற்றுக்கொண்டு, பருவத்திற்கேற்ப நீண்டு குறுகும் தங்கள் பழைய வேளைகளைக் காட்டும்படி அதனைத் திருத்தியமைத்தனர்; 1873ஆம் ஆண்டு வரை அவ்வாறே வாழ்ந்தனர். ஆகவே இயந்திரம் வந்ததும் சமமணியும் வந்தே தீரும் என்பதில்லை. இயந்திரத்தை எச்சமுதாயம் எத்தேவைக்கு வாங்கிக்கொண்டது என்பதே கேள்வி. டேவிட் லாண்டஸ் 1983ஆம் ஆண்டில் எழுதிய கடிகார வரலாற்றில் இத்தேவையை ஓரளவு விளக்கினார். எனினும் மடத்தின் இரவு ஜெபத்திற்கு அவர் அளிக்கும் அழுத்தம் மம்ஃபோர்டின் நிழலிலிருந்து முற்றும் விலகவில்லை.

லெ கோஃப் இத்தேவையை மடத்தில் தேடாமல் நகரத்தில் தேடினார். அவருடைய பெருமை இதுவே. முதற் கட்டுரை வட்டியைப் பற்றிய இறையியல் வாதத்தோடு தொடங்குகிறது. வட்டி வாங்குபவன் எதை விற்கிறான்? பணத்தையன்று; அது திரும்பி வந்துவிடுகிறது. கொடுத்த நாளுக்கும் பெற்ற நாளுக்கும் இடையே கழிந்த காலத்தையே விற்கிறான். காலமோ தேவனுடையது. பாரிசில் கற்பித்த ஓசேர் வில்லியம் (இறப்பு 1231) இதனை இன்னும் ஆழப்படுத்தி, காலம் எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவாக அருளப்பட்டது, ஆதலால் அதனை விற்பவன் மனிதருக்கு மட்டுமன்றி எல்லாப் படைப்புக்கும் அநீதி செய்கிறான் என்று வாதிட்டார். உழவனின் எருதுகூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிறது, வட்டியோ ஓய்வதேயில்லை, கடன் கொடுத்தவன் உறங்கும்போதும் அது வேலை செய்கிறது என்று அக்காலத்துப் பிரசங்கிகள் எச்சரித்தார்கள். வணிகனுக்கோ காலமே மூலதனம்: கப்பல் வந்து சேரும் காலம், விலை ஏறும் காலம், உண்டியல் முதிரும் காலம். எனவே இரு காலங்கள் மோதின. தேவனுக்குரிய, விற்கக்கூடாத, மணியோசையால் ஜெபத்திற்கு அழைக்கும் காலம் ஒருபுறம். அளந்து விலை பேசத்தக்க, கடிகாரத்தால் கணக்கிடப்படும் காலம் மறுபுறம்.

இரண்டாம் கட்டுரையே என் மதிப்பீட்டில் சிறந்தது. அது கருத்துகளை விட்டுத் துணி நெய்யும் நகரங்களின் தெருக்களில் நடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ், ஆர்ட்வா பகுதிகளின் நெசவுத் தொழில் நெருக்கடிக்குள்ளானது. அதுவரை கூலி நாட்கணக்கில் வழங்கியது. நாள் என்பது விடியல் முதல் அந்தி வரை. வேலை நேரத்தை நீட்டிக்கும்படி முதலில் கேட்டவர்கள் தொழிலாளரே என்பது நமக்கு வியப்பளிக்கலாம். 1315ஆம் ஆண்டில் அரா நகரில் துணி துவைத்துத் தடிப்பாக்கும் தொழிலாளர் நீண்ட நாளும் உயர்ந்த கூலியும் வேண்டினர். கூலி உயர வேறு வழி காணாதவர் தங்கள் நேரத்தையே கூடுதலாக விற்க முன்வந்தனர். பின்னர் முதலாளிகள் அந்த நாளின் தொடக்கத்தையும் முடிவையும் தாங்களே வரையறுக்க முற்பட்டனர். அதற்குச் சூரியன் போதவில்லை, மணி வேண்டியிருந்தது. 1355ஆம் ஆண்டில் ஏர்-சுர்-லா-லிஸ் என்னும் சிற்றூரார் வாணிப நேரங்களையும் நெசவுத் தொழிலாளரின் வேலை நேரங்களையும் அறிவிக்கும் மணிக்கூண்டு கட்ட அனுமதி பெற்றனர். தொழிலாளர் கிளர்ச்சிகளில் இவ்வேலை மணி ஓர் இலக்காயிற்று. மணியைக் கைப்பற்றுவதும் அதன் வாயை அடைப்பதும் போராட்டத்தின் பகுதியாயின.

இங்கே ஒரு நிகழ்ச்சி மிகவும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1367ஆம் ஆண்டில் தெருவான் நகரத்துப் பேராலயத்தின் தலைமைக் குருவும் குருமார் குழுவும், தொழிலாளருடைய வேலை மணியை இனி என்றைக்கும் ஒலிப்பதில்லை என்று அத்தொழிலாளருக்கு வாக்களித்தனர். அம்மணியால் நகரிலும் திருச்சபையிலும் இடறலும் பூசலும் எழாதிருப்பதே அவர்கள் கூறிய காரணம். லெ கோஃப் இதனைத் தொழிலாளரின் எதிர்ப்புக்குச் சான்றாகச் சொல்லிவிட்டு மேலே செல்கிறார். ஆனால் அவருடைய பெரும் வாதத்தையே அசைக்கக்கூடிய சான்று இது. மணியை நிறுத்த வாக்களித்தவர்கள் குருமார் என்றால், அதை அதுவரை ஒலிக்கச் செய்யும் அதிகாரமும் அவர்களிடமே இருந்ததாகிறது. வேலை மணி தொங்கியது வணிகரின் கோபுரத்தில், ஜெப மணி தொங்கியது திருச்சபையின் கோபுரத்தில் என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது. மிலான் நகரில் 1336ஆம் ஆண்டில் இருபத்துநான்கு மணிகளையும் அடித்து அறிவித்த புகழ்பெற்ற பொதுக் கடிகாரமும் ஓர் ஆலயக் கோபுரத்திலேயே அமைந்தது. அவ்வாலயமோ விஸ்கோந்தி ஆட்சியாளரின் அரண்மனையைச் சேர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்டு தோர்ன்-வான் ரோசும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட மணி நேர வரலாற்றில் நகரப் பதிவேடுகளைப் புரட்டி இதனை விரிவாக நிறுவினார். புதிய கடிகாரத்தைத் திருச்சபை எதிர்த்து நின்றதற்குச் சான்று இல்லை. ஆயர்களும் குருமார் குழுக்களும் கடிகாரம் அமைப்பதில் நகரத்தாரோடு கைகோத்தனர் என்பதே அவர் கண்டது.

லெ கோஃபின் இருமை இத்தனை அழகாக அமைந்ததற்கு ஓர் இறையியல் காரணமும் உண்டு. நம் மாணவர் இதனை அறிந்திருத்தல் நன்று. 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிறிஸ்தவக் காலக் கருத்தை விளக்க அவர் துணைகொள்வது ஆஸ்கர் குல்மனின் ‘கிறிஸ்துவும் காலமும்’ (1946) என்ற நூலை. கிரேக்கருக்குக் காலம் வட்டம், வேதாகமத்திற்குக் காலம் நேர்கோடு என்ற குல்மனின் வாதம் அந்நாளில் எங்கும் ஒலித்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1962ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பார் அவ்வாதத்தின் மொழியியல் அடித்தளத்தைத் தகர்த்தார். ‘குரோனாஸ்’ என்றால் ஓடும் காலம், ‘கைராஸ்’ என்றால் அருளின் தருணம் என்று சொற்களைப் பிரித்துவைத்து அதன்மேல் இறையியல் மாளிகை கட்ட இயலாது. வேதாகம ஆசிரியர்கள் அச்சொற்களை அவ்வளவு கண்டிப்பாக வேறுபடுத்தவில்லை என்று அவர் காட்டினார். நம் பிரசங்க மேடைகளில் இன்றும் குரோனாஸும் கைராஸும் தனித்தனியே உலவிக்கொண்டிருப்பதைப் பார்க்கையில் பாரின் நூல் இங்கு வந்து சேரவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது. நிற்க. திருச்சபையின் காலம் என்று ஒரே தன்மையுடைய ஒன்று இருந்ததாக லெ கோஃப் கொண்டது குல்மனிடமிருந்து பெற்ற கடனே. உண்மையில் திருச்சபைக்குள்ளேயே பல காலங்கள் வழங்கின: ஜெபவேளையின் காலம், பண்டிகைச் சக்கரத்தின் காலம், நிலக்குத்தகை வசூலிக்கும் மடத்தின் காலம். உத்தரிக்கும் ஸ்தலத்தின் காலமும் அவற்றுள் ஒன்று. இதனைப் பற்றி லெ கோஃப் 1981ஆம் ஆண்டில் தனி நூலே எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விடத்திற்குத் தனிப் பெயர் வழங்கத் தொடங்கிய பின், மறுமையும் அளவிடப்பட்ட காலமாக விரிவடைந்தது. பாவமன்னிப்புப் பலன்கள் நாட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அறிவிக்கப்பட்டன. உரோமைத் திருச்சபை அந்நாட்கணக்கை 1967ஆம் ஆண்டில்தான் கைவிட்டது. ஆகவே காலத்தை அளந்து கணக்கெழுதும் வழக்கத்தை வணிகர் திருச்சபைக்கு வெளியிலிருந்து மட்டும் கற்றனர் என்று சொல்வதற்கில்லை.

இத்தனை குறைகளைக் கூறியபின்னும் லெ கோஃபின் கட்டுரைகள் நிலைத்து நிற்கின்றன என்றே சொல்வேன். அவர் எழுப்பிய வினா அவர் அளித்த விடையைவிடப் பெரிது. ‘நூன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி அவர் தரும் விளக்கம் ஒன்றே போதும். அது ஒன்பதாம் மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதாவது பிற்பகல் மூன்று மணியளவு. அது மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்து நண்பகலாயிற்று. உபவாச நாளில் ஒன்பதாம் மணி ஜெபத்திற்குப் பின்பே உண்ணலாம் என்ற விதியால் பசித்த துறவியர் ஜெபத்தை முன்தள்ளினர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். லெ கோஃப் அதனோடு நில்லாமல் நகரத்து வேலைநாளை நோக்குகிறார்: வேலை நாளை இரண்டாகப் பகுத்து அரைநாள் கூலி கணக்கிட ஓர் இடைவேளை தேவைப்பட்டது, ஜெபவேளையின் பெயர் அதற்குப் பயன்பட்டது. ஒரு ஜெபம் உணவு இடைவேளையாக மாறிய வரலாறு ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இனி நம் சீர்திருத்தச் சபைகளின் பங்கு. மாக்ஸ் வேபர் 1904–05ஆம் ஆண்டுகளில் எழுதியதன் சாரம் யாவரும் அறிந்ததே: மடத்திற்குள் வாழ்ந்த ஒழுங்கான துறவைச் சீர்திருத்தம் சந்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஜெனீவாவின் 1541ஆம் ஆண்டுத் திருச்சபை ஒழுங்குகள், ஞாயிறன்று விடியலிலும் பின்னர் வழக்கமான வேளையிலும் பிரசங்கம், நண்பகலில் சிறுவர்க்கு ஞானோபதேசம், மூன்று மணிக்கு மீண்டும் பிரசங்கம் என நாளை வகுத்தன. பெனடிக்டின் ஏழு வேளைகள் மறைந்த இடத்தில் பிரசங்க வேளைகள் வந்தமர்ந்தன. 2004ஆம் ஆண்டில் மாக்ஸ் அங்கமார் எழுதிய நூல், நேரந்தவறாமை என்னும் பண்பு கால்வினிய ஜெனீவாவில் எவ்வாறு ஓர் ஆன்மிகக் கடமையாக உருப்பெற்றது என்பதைச் சபை ஆவணங்களைக் கொண்டு விளக்குகிறது. ரிச்சர்டு பாக்ஸ்டர் 1673ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கிறிஸ்தவ வழிகாட்டி’யில் ஒவ்வொரு நிமிடத்தையும் காத்துக்கொள்ளும் கடமை பேசப்படுகிறது. ஈ. பி. தாம்சன் 1967ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இவ்வறிவுரைகள் ஆலைத் தொழிலாளரை அடக்கும் ஒழுங்காக மாறியதைக் கடுமையாகச் சாடுகிறது. அவர் மெதடிஸ்தரிடம் நீதியாய் நடந்துகொண்டாரா என்பது வேறு கேள்வி. எபேசியர் 5:16இல் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி பவுல் சொன்னது நாட்கள் பொல்லாதவைகளாயிருப்பதால். சுருதிவாக்கியத்தின் அப்பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் ஆலைச் சுவரில் எழுதினால் அது வேறொரு நற்செய்தியாகிவிடுகிறது என்பதை மட்டும் இங்குக் குறிக்கலாம்.

நாம் வசதியாக மறந்துவிட்ட மற்றொரு பகுதியும் உண்டு. லூத்தர் 1540ஆம் ஆண்டில் வட்டிக்கு எதிராகப் பிரசங்கிக்கும்படி போதகர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். மனந்திரும்பாத வட்டிக்காரனுக்குப் பாவமன்னிப்பும் திருவிருந்தும் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்பட வேண்டும் என்பது அவர் அறிவுரை. கால்வின் 1545ஆம் ஆண்டுக் கடிதத்தில் வட்டியை முற்றும் தடுக்கவில்லை. ஆனால் ஏழையிடம் வட்டி வாங்கலாகாது, வட்டியையே தொழிலாகக் கொள்ளலாகாது என்பன போன்ற நிபந்தனைகளை விதித்தார். சீர்திருத்தத்தின் பிள்ளைகள் நேரத்தைக் காக்கும் கட்டளையைத் தொழிலாளிக்குப் போதித்தார்கள். காலத்தை விற்கக்கூடாது என்னும் கட்டளையைக் கடன் கொடுப்பவனுக்குப் போதிக்க மறந்தார்கள். கால்வின் அளித்த அனுமதி நினைவில் நின்றது; நிபந்தனை நின்றதில்லை.

இது பழங்கதையன்று. கந்துவட்டித் தடைச் சட்டம் என்று வழங்கும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டியோடு நாள் வட்டி, மணிக்கணக்கு வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்பவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மணிக்கணக்கில் வட்டி! ஓசேர் வில்லியம் தம் வகுப்பறையில் கருத்தளவில் வாதித்த ஒன்றை நம் சந்தைகளில் காய்கறி விற்கும் பெண் விடியற்காலையில் கடன் வாங்கி அந்திக்குள் கட்டும்போது உடலால் அறிகிறாள். அவளுடைய ஒரு மணி நேரம் ஒருவனுக்கு விற்பனைப் பொருள். ‘மீட்டர்’ என்ற சொல் வாடகை வண்டியின் அளவுகருவியிலிருந்து வந்தது. வண்டி நின்றாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் ஓயாத எருது என்று அன்றைய பிரசங்கி கூறியிருக்கக்கூடியதை இன்றைய தெருவின் மொழி ஒரே சொல்லில் கூறிவிட்டது. இவ்விடத்தில் லெ கோஃபின் ‘திருச்சபையின் காலம்’ வரலாற்றுச் செய்தியாக எத்தனை குறையுடையதாயிருந்தாலும், இறையியல் உரிமைக் கோரிக்கையாக உயிர் பெறுகிறது. காலம் எல்லாப் படைப்புகளுக்கும் பொதுவானது என்ற வாதத்தை நம் ஒழுக்கவியல் பாடங்களில் வட்டி என்ற தலைப்பின்கீழ்ப் பழைய தவறான கொள்கையாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதனைக் கூலி, கடன், ஓய்வு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் மீண்டும் எடுத்துப் பயிலவேண்டும். திராட்சத் தோட்டத்து எஜமான் பதினோராம் மணிக்கு வந்தவனுக்கு முழுநாட் கூலி கொடுத்தது மணிக்கணக்கை அறியாமையால் அன்று. அவன் காலையில் எழுந்ததுமுதல் வேலை தேடிச் சந்தைவெளியில் நின்ற நேரத்தையும் கணக்கில் சேர்த்ததால்.

தெருவான் குருமாருக்கு வருவோம். அவர்கள் மணியை நிறுத்தியது அன்பினாலா, அச்சத்தினாலா? இடறலும் பூசலும் எழாதிருக்க என்னும் அவர்கள் சொற்களில் அச்சம் தெரிகிறது. ஆயினும் அம்மணியின் கயிறு தங்கள் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம்மில் பலர் அதை அறியாமலே இழுத்துக்கொண்டிருக்கிறோம். மிஷன் பள்ளிகளும் விடுதிகளும் தமிழ்நாட்டில் மணியொழுங்கைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தன. அதனால் கல்வி வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதே ஒழுங்கின் அளவுகோலால், கூலி வேலை முடித்து வந்த சபையார் ஆராதனைக்குத் தாமதமாக வருவதை ஆவிக்குரிய குறைவென்று கண்டிக்கும் வழக்கமும் வளர்ந்தது. மறுபுறம், வயல்வேலை செய்வோர் மிகுந்த கிராமச் சபைகளில் மாலை ஜெபம் கடிகாரத்தை நோக்காமல், நாற்று நட்டுத் திரும்புவோர் கைகால் கழுவி வந்து சேர்ந்தபின் தொடங்குவதும் உண்டு. இவ்விரண்டு வழக்கங்களும் ஒரே பேராயத்திற்குள், சில வேளைகளில் ஒரே சேகரத்திற்குள் அடுத்தடுத்து வாழ்கின்றன. அரா நகரத்திற்கும் தெருவானுக்கும் லெ கோஃப் பதிவேடுகளைத் தேடிச் சென்றதுபோல், நம் சேகரங்களின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளில் ஆராதனை நேரமும் மணியடிப்பவரின் சம்பளமும் விடுதிப் பிள்ளைகளின் கால அட்டவணையும் எவ்வாறு முடிவு செய்யப்பட்டன என்று தேடிப் பார்க்க ஓரிரு மாணவர் முன்வருவார்களாயின், ஆய்வேட்டிற்கு அதைவிட ஏற்ற பொருள் இப்போது எனக்குத் தோன்றவில்லை.